வேலிக்குள் மட்டும் செல்லும் காசு

ஒரு காசு இருக்கிறது. அதைக் கொடுத்தால் சாமான் தருவார்கள். ஆனால் ஒரு வேலிக்குள் மட்டும்தான் தருவார்கள். வேலியைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அது வெறும் தகரம், வெறும் காகிதம்.

இப்படியும் ஒரு காசு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அந்தக் காசைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறவர்களும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

அப்படிச் சேர்ப்பது சரியா, தவறா?

இந்தக் கேள்வி சென்ற மாதம் போடிநாயக்கனூரில் ஒரு வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது. அது என் அக்காள் வீடு.

அக்காள் வீட்டில் சண்டை

அக்காள் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சிறு வயது முதல் அவனுக்கு நாணயம் சேர்க்கும் ஆசை. நாயக்கர் காலத்துச் செப்புக் காசு, கம்பெனி காலத்துக் காலணா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய், நடுவில் ஓட்டை போட்ட காலணா என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறான்.

அந்த ஓட்டைக் காலணாவைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்லுவான்: "மாமா, யுத்த காலத்தில் செம்புக்குப் பஞ்சம். அதனால்தான் 1943-ல் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள்."

இந்த முறை நான் போனபோது அவன் செல்போனில் ஒரு நோட்டின் படத்தைக் காட்டினான். தாடி வைத்த ஒரு பெரியவர். கையில் இரண்டு கற்பலகைகள். பக்கத்தில் ஆறு முனை நட்சத்திரம். விலைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் அதை வாங்கப் போவதாகச் சொன்னான்.

"அது என்ன நோட்டுடா?" என்று அக்காள் கேட்டாள்.

"ஹிட்லர் காலத்து நோட்டும்மா. யூதர்களை அடைத்து வைத்த இடத்தில் செலவான நோட்டு" என்றான்.

அக்காள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்தவன் நெற்றியில் ஒரு காசு வைப்பார்களே, அதை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியில் வைப்பாயா? இதுவும் அதுதானேடா! அத்தனை பேர் செத்த இடத்துக் காசு நம் வீட்டுக்கு எதற்கு?"

அக்காள் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம் செய்கிறவர். அவர் கணக்கு வேறு.

"விலை ஏறுமா? ஏறும் என்றால் ஒன்று எதற்கு, நாலு வாங்கு!"

ஒருத்திக்கு அது பிணத்துக் காசு. ஒருவருக்கு அது வியாபாரச் சரக்கு. பையனுக்கு அது அபூர்வ நோட்டு. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா? தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்!

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அது என்ன காசு?

1939-ல் ஜெர்மனி போலந்து நாட்டைப் பிடித்தது. அங்கே லோட்ஸ் என்று ஒரு பெரிய நகரம். துணி ஆலைகள் நிறைந்த ஊர். அந்த ஊரில் இருந்த யூதர்களை எல்லாம் ஜெர்மானியர் ஒரு மூலைக்குத் துரத்தினார்கள். முள்கம்பி வேலி போட்டார்கள். 1940 ஏப்ரல் 30-ந் தேதி அந்த வேலியை அடைத்தார்கள். உள்ளே சுமார் 1,60,000 பேர்.

இப்படி அடைத்து வைத்த குடியிருப்புக்குத்தான் 'கெட்டோ' என்று பெயர்.

உள்ளே போனவர்களிடம் பணம் இருந்தது. நகை இருந்தது. வெளிநாட்டு நோட்டும் இருந்தது. அதையெல்லாம் கொடுத்துவிட்டுப் புது நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் புது நோட்டின் மேல் பணம் என்று எழுதவில்லை. 'ரசீது' என்று எழுதியிருந்தது! 50 பென்னிக் முதல் 50 மார்க் வரை நோட்டுகள். கெட்டோவின் யூதத் தலைவராக ஜெர்மானியர் நியமித்த ரும்கோவ்ஸ்கி என்பவரின் கையெழுத்து அதில் இருந்தது. ஜனங்கள் அந்த நோட்டுக்கு 'ரும்கி' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். 1943-ல் அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் காசுகளும் அடித்தார்கள்.

இதன் சூழ்ச்சியைப் பாருங்கள். நல்ல பணமும் நகையும் வேலிக்கு வெளியே போய்விட்டன. செல்லாத காகிதம் உள்ளே வந்துவிட்டது. ஒருவன் இரவில் வேலியைத் தாண்டித் தப்பினாலும், அவன் சட்டைப் பையில் உள்ள நோட்டைக் கொண்டு ஒரு துண்டு ரொட்டி வாங்க முடியாது. வெளியிலிருந்து திருட்டுத்தனமாக உணவு வாங்கவும் முடியாது. வேலி இரண்டாகிவிட்டது. ஒன்று முள்கம்பி. இன்னொன்று காசு.

உள்ளேயாவது அந்தக் காசு உதவியதா? ரேஷன் சீட்டு இல்லாமல் ரொட்டி கிடையாது. பசியிலும் நோயிலும் அந்தக் கெட்டோவுக்குள்ளேயே 40,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரை ரயிலில் ஏற்றி, விஷவாயுவால் கொல்லும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1944 ஆகஸ்டில் கெட்டோவைக் காலி செய்தார்கள். கையெழுத்துப் போட்ட ரும்கோவ்ஸ்கியும் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். 1945 ஜனவரியில் ரஷ்யப் படை உள்ளே நுழைந்தபோது, அங்கே ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை.

அந்த நோட்டின் மேல் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கள்ள நோட்டு அடிப்பவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்களாம்! ஊரையே கொள்ளை அடித்தவர்கள் கள்ள நோட்டுக்குச் சட்டம் எழுதினார்கள்.

மோசஸ் படம் போட்ட நோட்டு

அக்காள் மகன் காட்டியது வேறு ஊர் நோட்டு. செக் நாட்டில், பிராக் நகருக்கு வடக்கே, டெரேசின் என்று ஒரு பழைய கோட்டை ஊர். ஜெர்மானியர் அதற்குத் தெரேசியன்ஸ்டாட் என்று பெயர் சொன்னார்கள். சுமார் 1,40,000 யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். ஏறக்குறைய 90,000 பேரைக் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஊருக்கென்று அச்சடித்த நோட்டில் 1943 ஜனவரி 1 என்று தேதி இருக்கும். படத்தில் உள்ள தாடிக்காரர் மோசஸ். யூதர்களுக்குக் கடவுளின் பத்துக் கட்டளைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர். அந்தப் படத்தை வரைந்தவர் பீட்டர் கீன் என்ற இளைஞர். அவரும் அங்கே கைதி. ஓவியம் வரைவார், கவிதை எழுதுவார். முதலில் வரைந்த படத்தை ஜெர்மன் அதிகாரிகள் ஏற்கவில்லை. யூத முகத்தைக் கேலி செய்வது போல மாற்றி வரையச் சொன்னார்கள். துப்பாக்கிக்கு முன்னால் கைதி என்ன செய்வார்?

கடை இருந்தது. அந்த நோட்டைக் கொடுத்தால் சாமான் கிடைக்கும். என்ன சாமான் தெரியுமா? கைதிகள் வந்து இறங்கியபோது அவர்களுடைய பெட்டிகளிலிருந்து பறித்தார்களே, அதே துணிமணிகள், அதே பாத்திரங்கள்! தன் சட்டையையே தான் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்கு? வெளியுலகை ஏமாற்றுவதற்கு. 1944 ஜூன் 23-ந் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் அந்த ஊரைப் பார்க்க வந்தார்கள். தெருவைக் கழுவினார்கள். பூச்செடி வைத்தார்கள். வங்கியைக் காட்டினார்கள். "பாருங்கள், யூதர்களுக்குத் தனி ஊர், தனிப் பணம், தனி வங்கி!" என்று காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நோட்டுகளில் கையெழுத்து யாருடையது? யாக்கோப் எடல்ஸ்டைன் என்பவருடையது. அந்த ஊரின் யூதத் தலைவராக இருந்தவர். பார்வையாளர்கள் வந்த அன்று அவர் உயிரோடு இல்லை. மூன்று நாளைக்கு முன்புதான், ஜூன் 20-ந் தேதி, ஆஷ்விட்ஸ் முகாமில் அவரையும் அவர் மனைவியையும் மகனையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

படம் வரைந்த பீட்டர் கீனையும் அந்த ஆண்டு அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. வயது 25.

நோட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

நம்மவர் கழுத்தில் தொங்கிய தகரம்

"இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை. நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

நம் ஊரிலிருந்து மலையைப் பாருங்கள். விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாகப் போடிமெட்டுக்கு ஏறுகின்றன. தலையில் துண்டு கட்டிய பெண்கள், தூக்குச் சட்டியோடு ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள். அட்டைக்கடி, மழை, குளிர் எல்லாவற்றையும் பட்டு, ஏலக்காய் எடுத்து, மாலையில் இறங்கி வருகிறார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்களில் பலர் இன்னும் தூரம் போனவர்கள். கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள்.

அவர்களில் எத்தனையோ பேர் கையிலோ கழுத்திலோ ஒரு தகர வில்லை தொங்கியது. 'டின் டிக்கெட்' என்று அதற்குப் பெயர். 1900-ம் ஆண்டை ஒட்டி வந்த ஏற்பாடு இது. வில்லையில் ஓர் எழுத்து இருக்கும். ஓர் எண் இருக்கும். அந்த எண் ஒரு தோட்டத்தைக் குறிக்கும். வில்லையைக் காட்டினால் முகாமில் சோறு போடுவார்கள். ரயிலில் ஏற்றுவார்கள். கப்பலில் ஏற்றுவார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில். ஆளின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்தால் போதும். சரக்கு மூட்டை மாதிரி உரிய தோட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

அங்கே போனால் இன்னொரு காகிதம். அதன் பெயரே தமிழ்தான். துண்டு! தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனை வேறொரு தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கங்காணிமார் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஆளையும் கடனையும் சேர்த்தே மாற்றினார்கள். 1921-ல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

தோட்டக் காசும் உண்டு. தேயிலைக்கு முன்பு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் தோட்டங்களும் கம்பெனிகளும் சொந்தமாக வில்லை அடித்துக் கூலிக்குக் கொடுத்தன. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் இது நடந்தது. சில்லறைத் தட்டுப்பாடு என்பது ஒரு காரணம். அது உண்மைதான். ஆனால் அந்த வில்லை தோட்டத்துக் கணக்கில்தான் செல்லும். வேறு ஊருக்குப் போகிறவனுக்கு உதவாது. துரைக்கு அதுவும் சௌகரியம்தானே?

மலாயாவுக்குப் போனவர்கள் கதை இன்னொன்று. 1942-ல் ஜப்பான் படை மலாயாவைப் பிடித்தது. தன் நோட்டை அச்சடித்து விட்டது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால், 'வாழைமர நோட்டு' என்றே அதற்குப் பெயர். சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே இறந்தார்கள். பிழைத்து வந்தவர்கள் மடியில் வாழைமர நோட்டு இருந்தது. 1945-ல் ஜப்பான் தோற்றது. அன்றோடு அந்த நோட்டுக்கு மதிப்பு போயிற்று. உயிரைக் கொடுத்துச் சம்பாதித்தது அடுப்பு எரிக்கக்கூடப் போதாது.

ஒரே இரவில் நோட்டு காகிதமாவது எப்படி இருக்கும் என்று நமக்கும் கொஞ்சம் தெரியும். 2016 நவம்பர் 8-ந் தேதி இரவை யாரும் மறக்கவில்லை. ஆனால் நமக்கு வங்கியில் மாற்றித் தந்தார்கள். அவர்களுக்கு மாற்றித் தர யாரும் இல்லை.

பேரீச்சம்பழம்

இப்போது என் சொந்தக் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

என் பாட்டி போடியில்தான் இருந்தாள். இளவயதில் ஏலமலையில் வேலை செய்தவள். அவளிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் அடியில், பழைய சேலைக்குக் கீழே, ஒரு சின்ன வட்டத் தகரம் இருந்தது. ஓர் ஓட்டை. ஓர் எழுத்து. ஓர் எண். பாட்டியின் தகப்பனார் இலங்கைக்குப் போய், காய்ச்சலோடு திரும்பி வந்தவர். அதன் பிறகு அவர் போகவே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் 'பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று சத்தம் கேட்டது. ஓட்டை அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். பழம் போதவில்லை. திரும்ப ஓடி வந்து பெட்டியைக் குடைந்தேன். துருப்பிடித்த அந்தத் தகரத்தையும் கொண்டுபோய்ப் போட்டேன். வண்டிக்காரர் கூட இரண்டு பழம் கொடுத்தார்.

இரண்டே இரண்டு பழம்!

மாலையில் பாட்டிக்குத் தெரிந்தது. அவள் அடிக்கவில்லை. திட்டவில்லை. "அது எங்கப்பா நம்பருடா" என்றாள். அவ்வளவுதான்.

பிற்காலத்தில் நான் இந்த விஷயங்களைப் படித்தேன். அந்த எழுத்தும் எண்ணும் இருந்தால், அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று தேடிப் பார்த்திருக்கலாம். எந்த மலை, எந்த லயம் என்று போய் நின்று பார்த்திருக்கலாம். என்ன எண் என்று யாருக்கும் நினைவில்லை. பாட்டியும் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கைக்கு இருந்த ஒரே அத்தாட்சியை நான் தின்றுவிட்டேன்.

அதனால்தான் அக்காள் சொன்னதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

இரண்டும் ஒன்றல்ல

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் தோட்டத் தகரமும் யூதரின் கெட்டோ நோட்டும் ஒன்றல்ல.

தோட்டத்துரைக்கு ஆள் உயிரோடு வேண்டும். வேலை நடக்க வேண்டும். அது சுரண்டல். ஹிட்லர் ஆட்களுக்கு ஆள் சாக வேண்டும். குலமே அழிய வேண்டும். அது கொலை. யுத்தத்தில் கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் பேர். இதையும் அதையும் ஒரே தராசில் போட்டால், இரண்டையும் நாம் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

முகாம் காசு என்றாலே கொலை என்றும் சொல்ல முடியாது. அதே யுத்தத்தில் ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களை பெங்களூர், போபால், டேராடூன் போன்ற ஊர்களில் அடைத்து வைத்தார்கள். அவர்களுக்கும் பணத்துக்குப் பதில் அணாக் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் கூப்பன் கொடுத்தார்கள். தப்பி ஓடினால் செலவுக்குக் காசு இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். யுத்தம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

ஆனால் ஒரு குணம் எல்லாவற்றிலும் உண்டு. யார் கையில் மற்றவன் காசு இருக்கிறதோ, அவன் கையில் அந்த மற்றவனின் கால்களும் இருக்கின்றன. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைக் காசு சொல்லிவிடுகிறது. இந்தியாவில் 1936-ல் வந்த சம்பளச் சட்டம், 'கூலியை நாட்டில் செல்லும் நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்க வேண்டும்' என்று சொன்னது. இதை ஏன் சட்டத்தில் எழுதினார்கள் என்று முன்பு எனக்குப் புரியவில்லை. அந்தத் தகர வில்லைகளைத் தெரிந்துகொண்ட பிறகு புரிந்தது.

சனிக்கிழமை கூலி வாங்கி, சந்தையில் தனக்குப் பிடித்த கடையில் மீன் வாங்குகிறாளே ஒரு பெண், அந்த உரிமை சும்மா வரவில்லை.

என் தீர்ப்பு

சரி, தீர்ப்புக்கு வருகிறேன்.

அக்காளுக்கு என் பதில்: நெற்றிக்காசு என்று சொன்னாய். நம் ஊரில் செத்தவன் நெற்றியில் காசு வைக்க மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். தேவாரமோ திருவாசகமோ பாட ஆள் இருக்கிறது. ஆஷ்விட்ஸில் செத்தவர்களுக்கு நெற்றிக்காசு வைக்க யார் இருந்தார்கள்? குடும்பத்தோடு போனார்களே! கல்லறை கூட இல்லை. சாம்பலாக்கிவிட்டார்கள். அந்த நோட்டையும் நெருப்பில் போட்டால், கொன்றவர்கள் மிச்சம் வைத்த வேலையை நாம் முடித்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

அக்காள் வீட்டுக்காரருக்கு என் பதில்: இதில் லாபம் பார்க்காதீர்கள். ஏலக்காயில் பாருங்கள். நல்ல ஏலக்காயை முகர்ந்து பார்த்தே கண்டுபிடிப்பீர்கள். இந்தச் சந்தையில் உங்களுக்கு மூக்கு கிடையாது. லோட்ஸ் கெட்டோ காசுகளில் போலிகள் ஏராளம். டெரேசின் நோட்டுகள் கட்டுக்கட்டாக மிஞ்சியதால், அவை அவ்வளவு அபூர்வமும் அல்ல. விலைக்காக அலைகிறவர்கள் பெருகினால், போலி அடிக்கிறவர்களும் பெருகுவார்கள்.

போலியில் பண நஷ்டம் மட்டும் இல்லை. 'இந்தக் கொலையே நடக்கவில்லை' என்று சொல்லும் பொய்யர்கள் இன்றும் உலகில் இருக்கிறார்கள். ஒரு போலிக் காசு அகப்பட்டால் போதும். "பார், எல்லாமே பொய்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

அக்காள் மகனுக்கு என் பதில்: நீ சேர்க்கலாம். ஆனால் மூன்று விஷயம்.

முதலாவது, கதையில்லாமல் காசைச் சேர்க்காதே. யார் கையெழுத்து, யார் வரைந்த படம், அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு தாளில் எழுதி, நோட்டோடு வை. நீ இல்லாத காலத்தில் அதை எடுக்கிறவனுக்கு அந்தத் தாள் பேச வேண்டும்.

இரண்டாவது, விற்கிறவரிடம் 'இது உங்களுக்கு எப்படி வந்தது?' என்று கேள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதே.

மூன்றாவது, மலையில் இருந்து தொடங்கு. கடல் கடந்த காசைத் தேடுகிறாய், சந்தோஷம். உன் தெருவில் எத்தனை வீட்டில் இலங்கைப் பெட்டி இருக்கிறது? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை குடும்பம்? அவர்களிடம் தகர வில்லை, துண்டு, கப்பல் சீட்டு, வாழைமர நோட்டு இருக்கலாம். அதை விலைக்குக் கேட்காதே. படம் எடுத்துக்கொள். எண்ணைக் குறித்துக்கொள். பாட்டிகள் சொல்வதை எழுதிக்கொள். பொருள் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருந்தால் இந்த வாரம் இறக்கிப் பாருங்கள். ஓட்டை போட்ட தகரம், செல்லாத நோட்டு, எண் போட்ட அட்டை எது இருந்தாலும் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். வீட்டில் வைக்க மனமில்லை என்றால் அருங்காட்சியகத்தில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்று பிரிவே இருக்கிறது. கொடுக்கும்போது யாருடையது என்று பெயர் எழுதிக் கொடுங்கள். பெயரில்லாத காசு பாதிக் காசு.

பிறகு என்ன நடந்தது?

விற்பவரிடம் பையன் கேட்டான். "எப்படி வந்தது என்றெல்லாம் தெரியாது, வேண்டுமானால் வாங்கு" என்று பதில் வந்தது. அவன் வாங்கவில்லை. பார்த்து, விசாரித்து, நல்ல இடத்தில் பிறகு வாங்குவதாகச் சொல்லிவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டும் பேனாவுமாகத் தெருவில் இருக்கும் பாட்டிகளைத் தேடிப் போகிறான்.

சென்ற வாரம் அக்காள் போன் செய்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்தாள். வைக்கப் போகும்போது கேட்டாள்:

"ஏன்டா, அந்த நோட்டில் படம் போட்டானே, இருபத்தைந்து வயசுப் பையன், அவன் பேர் என்ன சொன்னே?"

"பீட்டர் கீன்" என்றேன்.

"இவன் வாங்கினால் வாங்கட்டும். சாமி அலமாரிப் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். அந்தப் பிள்ளை பேரைத் தமிழில் பெரிசாக எழுதி வைக்கச் சொல். எனக்குப் படிக்கத் தெரிகிற மாதிரி."